ஓட்டமும் நிறுத்தமும்

ஒரு வண்டியைப் புகழ்ந்து பேசுவோர் அதன் வேகத்தையே முதலிற் சொல்வர். மணிக்கு எத்தனை மைல் போகும், மேட்டில் எப்படி ஏறும், எத்தனை பேரைச் சுமக்கும் என்று கேட்பவர் பலர். ‘எவ்வளவு தூரத்தில் நிற்கும்?’ என்று கேட்பவர் மிகச் சிலர். ஆயினும் நிறுத்த முடியாத வேகத்தால் எவருக்கு என்ன பயன்? குதிரைக்குக் கடிவாளம் எப்படியோ, காளைக்கு மூக்கணாங்கயிறு எப்படியோ, அப்படியே மோட்டார் வண்டிக்குப் பிரேக். மோட்டார் வண்டியின் வரலாற்றில் ஒரு பாதி அது ஓடக் கற்ற கதை; மறு பாதி அது நிற்கக் கற்ற கதை. அந்த மறு பாதியைப் பற்றியே இன்று நேயர்களுடன் பேச விரும்புகிறேன்.

இப்பேச்சுக்குச் செட்டிநாட்டை இடமாகக் கொள்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் முதலிய ஊர்களில், ஒரு தெருவில் முன்வாயிலும் அடுத்த தெருவில் பின்வாயிலுமாக நீண்டு கிடக்கும் மாளிகைகளை மாணவர்கள் கண்டிருப்பார்கள். பர்மாத் தேக்கில் கடைந்த தூண்களும் ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரையும் அவ்வீடுகளின் அடையாளம். பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் நகரத்தார் நடத்திய லேவாதேவித் தொழில் ஈட்டிய செல்வத்தில் எழுந்தவை அவை. அதே செல்வம் கடல் கடந்து மோட்டார் கார்களையும் கொண்டுவந்தது. 1930களில் உலகெங்கும் பொருளாதாரம் வீழ்ந்தது; 1942-ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. பெருஞ்செல்வத்தின் காலம் அத்துடன் மாறியது. ஆனால் அக்காலத்துப் பொருள்களைப் போற்றும் குணம் மாறவில்லை. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளைச் சுற்றி வருபவர், ஒரு பழைய பித்தளைப் பூட்டுக்கும் மதிப்புத் தரும் மனப்பான்மையை அங்கே காணலாம். காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் நிறுவிய ஏ.வி.எம். படப்பிடிப்பு நிலையத்தில், 2023-ஆம் ஆண்டில் பழைய கார்களையும் கொண்ட ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டதும் இங்கே நினைக்கத் தகும்.

பழைய காரைப் புதுக்குவோர் முன் இன்று ஒரு கேள்வி நிற்கிறது. அக்கார்களுக்கு வாய்த்தவை டிரம் பிரேக்குகள். இன்றைய கார்களில் முன்சக்கரங்களிலேனும் டிஸ்க் பிரேக் இருக்கிறது. பழைய வண்டியின் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க்கைப் பொருத்தலாமா? பொருத்தினால் அது பழைய வண்டியாக இருக்குமா? பொருத்தாவிட்டால் அதில் ஏறிச் செல்வோரின் உயிருக்கு யார் பொறுப்பு? இதற்கு விடை காண, நிறுத்தும் கலை வளர்ந்த வழியைச் சற்றே பின்தொடர வேண்டும்.

மாட்டு வண்டியில் இழுப்பதும் காளை, நிறுத்துவதும் காளை. வண்டிக்காரர் கயிற்றை இழுத்துப் பிடித்தால் காளைகள் பின்னுக்குச் சாய்ந்து நுகத்தடியில் வண்டியைத் தாங்கிக்கொள்ளும். சரிவில் இறங்கும்போது சக்கரத்தின் இரும்புப் பட்டாவில் மரக்கட்டையை அழுத்தும் ஏற்பாடும் உண்டு. கோயில் தேரையோ காளைகள் நிறுத்துவதில்லை. சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகி நிறுத்துவார்கள். இன்று இடையூறு என்னும் பொருளில் நாம் வழங்கும் ‘முட்டுக்கட்டை’ என்னும் சொல், தேரோட்டத்தில் உயிர் காக்கும் ஒரு கருவியின் பெயர். தேரை இழுக்க ஆயிரம் கைகள் வேண்டும். நிறுத்தத் தேர்ந்த கைகள் சிலவே வேண்டும். ஆனால் அச்சிலவும் தவறினால் ஆயிரம் பேருக்கும் ஆபத்து.

மோட்டார் வண்டி நம் நாட்டுக்கு வந்தபோது இந்தப் பொறுப்பு முழுவதும் ஓட்டுநரின் காலடிக்கு வந்துவிட்டது. சென்னையில் சிம்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ஆம் ஆண்டில் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டினார். 1911-ஆம் ஆண்டில் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார், தொடக்க ஆண்டுகளிலேயே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டினார். புதுக்கோட்டை செட்டிநாட்டின் வடக்கு வாயில் போன்றது. செம்மண்ணும் சரளையும் நிறைந்த சாலை, எதிரே மாட்டு வண்டிகள், மழைக்காலத்தில் கண்மாய் நீர் வழிந்தோடும் தாழ்ந்த பாலங்கள். இவற்றினூடே அக்காலத்து வண்டிகள் ஓடின.

அவற்றின் பிரேக்குகள் எப்படி இருந்தன? 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் உற்பத்தியாகி உலகெங்கும் பரவிய ஃபோர்டு டி மாதிரிக் காரை எடுத்துக்கொள்வோம். அதன் பிரேக் மிதியை அழுத்தினால், எஞ்சினோடு இணைந்த பற்சக்கரப் பெட்டிக்குள் ஒரு பட்டை இறுகி வண்டியைத் தளர்த்தும். பின்சக்கரங்களில் சிறு டிரம்கள் இருந்தன. அவற்றைக் கைநெம்புகோல் இயக்கியது. முன்சக்கரங்களில் ஒன்றும் இல்லை. பிரான்சு நாட்டு லூயி ரெனோ 1902-ஆம் ஆண்டில் உள்ளிருந்து விரியும் டிரம் பிரேக்கை வகுத்திருந்தார். அதுவே பின்னர் அரை நூற்றாண்டுக் காலம் உலகெங்கும் ஆட்சி செய்தது.

முன்சக்கரங்களுக்குப் பிரேக் வைக்க நெடுநாள் அஞ்சினார்கள். வண்டி சறுக்கும், திருப்ப முடியாமற் போகும் என்று எண்ணினார்கள். உண்மை வேறாக இருந்தது. ஓடும் வண்டியை நிறுத்தும்போது அதன் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. பேருந்து திடீரென்று நிற்கையில் நாம் முன்னால் தள்ளப்படுவதைப் போன்றது அது. அந்நேரத்தில் சாலையை அழுத்திப் பிடித்திருப்பவை முன்சக்கரங்களே. ஆதலின் நிறுத்தும் வேலையிற் பெரும்பகுதியை அவையே செய்யக் கூடும். 1919-ஆம் ஆண்டின் ஹிஸ்பானோ சூயிசா காரில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் இருந்தது. மிதியின் வலிமையைப் பெருக்கித் தரும் பொறியும் இருந்தது. ரோல்ஸ் ராய்ஸ் 1924-இல் அவ்வழியைப் பின்பற்றியது.

எனினும் நான்கு சக்கரங்களையும் கம்பிகளாலும் தண்டுகளாலும் இணைத்தபோது மற்றொரு தொல்லை எழுந்தது. ஒரு கம்பி சற்றே தளர்ந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மால்கம் லாக்ஹீட் என்பவர் 1917-ஆம் ஆண்டில் இதற்கு வழி கண்டார். மூடிய கலத்திலுள்ள நீர்மத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அவ்வழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்று பாஸ்கல் சொன்ன விதியை மாணவர்கள் படித்திருப்பார்கள். மிதியின் கீழ் ஒரு மாஸ்டர் சிலிண்டர், ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சிறு சிலிண்டர், இடையே எண்ணெய் நிறைந்த குழாய். இவ்வளவே அவர் ஏற்பாடு. 1921-இல் டூசன்பெர்க் கார் இதனை நான்கு சக்கரங்களிலும் கொண்டு வந்தது. செவ்ரோலே 1936-இலும் ஃபோர்டு 1939-இலும் இதற்கு மாறின. ஒரே செட்டிநாட்டு வீட்டில் 1935-ஆம் ஆண்டு வண்டியும் 1940-ஆம் ஆண்டு வண்டியும் இருந்திருந்தால், அவ்விரண்டின் பிரேக்குகளும் இரு வேறு உலகங்களைச் சேர்ந்தவையாக இருந்திருக்கும்.

இனி டிரம்மின் குணத்தையும் குற்றத்தையும் காண்போம். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தொட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உள்ளே பிறைவடிவில் இரு ஷூக்கள். அவற்றின் மேல் லைனிங் என்னும் உராய்வுப் பட்டை. மிதியை அழுத்தினால் ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்சுவரைப் பற்றும். சுழலும் டிரம் ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். ஓட்டுநர் சிறிது அழுத்தினால் பிரேக் பெரிதாகப் பிடிக்கும் என்பதே இதன் பயன். பூஸ்டர் இல்லாத காலத்தில் இது பெருங்கொடை.

குற்றம் எங்கே? வண்டியின் வேகம் மாயமாய் மறைவதில்லை, வெப்பமாக மாறுகிறது. 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 2 லட்சம் ஜூல். அரை லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை நம் ஊர்ச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிக்க வைக்க அது போதும். ஒரே ஒரு முறை நிறுத்துவதற்குள் அத்தனை வெப்பமும் பிரேக்குகளில் சேர்கிறது. மலைப்பாதையில் அடிக்கடி நிறுத்தினால் என்ன ஆகும்? மூடிய டிரம்முக்குள் காற்றோட்டம் குறைவு. சூடேறிய டிரம் விரிவடைந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் பிடிப்பும் குறையும். தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும் அமைப்பாகையால், பிடிப்புச் சற்றே குறைந்தாலும் நிறுத்தும் வலிமை பன்மடங்கு குறையும். மிதி அடிவரை இறங்கும், வண்டி நிற்காது. மழை நீர் உள்ளே புகுந்தாலும் இதே கதைதான். உலரும் வரை பிடிக்காது.

இதற்கு மாற்று, டிரம் பிறந்த அதே 1902-ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது என்பது வியப்புக்குரியது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் பிரடெரிக் லாங்கெஸ்டர் என்னும் பொறியறிஞர், சக்கரத்தோடு சுழலும் மெல்லிய தட்டு ஒன்றை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் தட்டை நாம் விரல்களால் கிள்ளி நிறுத்துவதைப் போன்றது அது. ஆனால் அவர் பயன்படுத்திய செம்புப் பட்டைகள் காது பொறுக்காமல் கிறீச்சிட்டன. சாலைப் புழுதியில் விரைவாகத் தேய்ந்தன. ஹெர்பர்ட் புரூட் என்பவர் 1907-இல் கல்நார்ப் பட்டையைக் கொண்டு அந்த ஓசையை அடக்க வழி காட்டினார். என்றாலும் திறந்திருக்கும் தட்டு அக்காலப் புழுதிச் சாலைக்கு ஏற்றதாக இல்லை. கருத்து முன்னே பிறந்துவிட்டது; அதைத் தாங்கும் பொருளும் சாலையும் பின்னே வர வேண்டியிருந்தன.

வேகமாக இறங்கும் கனத்த விமானங்களை நிறுத்த வேண்டிய நெருக்கடியே டிஸ்க் பிரேக்கை மீண்டும் எழுப்பியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செட்டிநாட்டிலும் ஒரு விமானத்தளம் பயன்பட்டது. உலக வரலாறு நம் சிற்றூர்களைத் தொடாமற் போவதில்லை. போருக்குப்பின் 1949-இல் அமெரிக்காவில் கிராஸ்லி என்னும் சிறு காரில் டிஸ்க் பிரேக் வந்தது. குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு அதன் உறுப்புகளை அரித்தது. அம்முயற்சி விரைவில் கைவிடப்பட்டது. உலோக அரிப்பை ஆராயும் பெருநிலையம் ஒன்று நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே அது. கடற்காற்றில் இரும்பு எவ்வாறு அரிக்கப்படுகிறது என்பதை மண்டபத்தில் வைத்து ஆராய்வதும் அதன் பணி. ஒரு பிரேக் தோற்பதற்கு வேதியியலும் காரணமாகலாம் என்பதை மாணவர்கள் மறக்கலாகாது.

டிஸ்க் பிரேக்கின் வெற்றி பந்தயத் திடலில் நிகழ்ந்தது. பிரிட்டனின் ஜாகுவார் நிறுவனமும் டன்லப் நிறுவனமும் சேர்ந்து உழைத்தன. 1953-ஆம் ஆண்டில் பிரான்சின் லெ மான் நகரில் 24 மணிநேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூண்ட ஜாகுவார் கார் முதலில் வந்தது. மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்தை அப்பந்தயம் கண்டது அதுவே முதன்முறை. எஞ்சினின் வலிமை மட்டும் அதற்குக் காரணமன்று. நேர்ச்சாலையின் முடிவில், மற்றவர்கள் முன்கூட்டியே வேகத்தைத் தளர்த்த, ஜாகுவார் ஓட்டுநர்கள் வளைவின் அருகு வரை துணிந்து சென்றார்கள். தம் பிரேக் கடைசி மணிநேரத்திலும் முதல் மணிநேரத்தைப் போலவே பிடிக்கும் என்று நம்பினார்கள். நன்றாக நிற்கத் தெரிந்த வண்டியே நன்றாக ஓடவும் முடிந்தது. 1955-இல் பிரான்சின் சிட்ரோயன் டி.எஸ். காரும், 1956-இல் பிரிட்டனின் டிரயம்ப் டி.ஆர்.3 காரும் முன்சக்கர டிஸ்க் பிரேக்கைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தன.

ஏன் டிஸ்க் தளர்வதில்லை? அது திறந்தவெளியில் சுழல்கிறது. காற்று அதைக் குளிர்விக்கிறது. சூடேறித் தடித்தாலும் அதைக் கவ்வும் பேடுகளை நோக்கியே விரிகிறது. தண்ணீர் பட்டால் சுழற்சியே உதறிவிடுகிறது. குறையும் உண்டு. தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும் குணம் அதற்கு இல்லை. ஆகையால் மிகுந்த அழுத்தம் வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சினின் உறிஞ்சு விசையால் இயங்கும் பூஸ்டர் இதற்குத் துணை செய்கிறது. குளிர்ந்த நிலையில் ஒரே ஒரு முறை நிறுத்துவதானால், நன்றாகப் பராமரித்த டிரம்மும் டிஸ்க்குக்கு அதிகம் பின்தங்காது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மீண்டும் மீண்டும் நிறுத்தும்போதும், மழையிலும், சரிவிலும்தான் டிஸ்க்கின் மேன்மை விளங்கும்.

இந்தியாவில் இம்மாற்றம் மெல்லவே வந்தது. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் சில வகைக் கார்களே இங்கு உற்பத்தியாயின; போட்டி குறைந்த இடத்தில் மாற்றமும் குறைவு. 1957 முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர், நீண்ட காலம் நான்கு சக்கரங்களிலும் டிரம்முடனேயே ஓடியது. பிற்காலப் பதிப்புகளிலேதான் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் வந்தது. 1961 முதல் சென்னையை அடுத்த ஆலையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு, பிரிட்டனில் டிரயம்ப் ஹெரால்டு என்னும் உடன்பிறப்பு இருந்தது. அங்கே விரும்பியவர்களுக்கு முன்சக்கர டிஸ்க் கிடைத்தது. இவ்வாறிருக்க, பிரேக் செய்யும் தொழில் தமிழ்நாட்டில் வேரூன்றியது நமக்குப் பெருமை. சுந்தரம் அய்யங்காரின் குழுமம் 1962-இல் பிரிட்டிஷ் நிறுவனங்களின் கூட்டுறவுடன், சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகிய ஆலைகளை நிறுவியது. செட்டிநாட்டின் எல்லையில் பேருந்து ஓட்டியவரின் வழிவந்த நிறுவனங்களே நாட்டின் வண்டிகளை நிறுத்தும் பொறுப்பையும் ஏற்றன.

இனி, பழைய காரை மாற்றும் வேலைக்கு வருவோம். தட்டையும் காலிப்பரையும் வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று சிலர் எண்ணுகிறார்கள். அங்கேதான் ஆபத்துத் தொடங்குகிறது. பிரேக் ஓர் உறுப்பாகத் தோன்றினாலும் அது ஒரு குடும்பம். ஒருவரை மாற்றினால் மற்றவர் அனைவரையும் கேட்க வேண்டும்.

முதலாவது மாஸ்டர் சிலிண்டர். காலிப்பரின் பிஸ்டன் பெரிது; அதற்கு வேண்டிய எண்ணெயும் மிகுதி. பழைய சிலிண்டர் போதாவிட்டால் மிதி ஆழமாக இறங்கும். பெரிய சிலிண்டரை வைத்தால் கால் மிகுதியாக அழுத்த வேண்டும். அப்போது பூஸ்டர் தேவையாகும். இரண்டாவது, டிரம்முக்குரிய சிலிண்டரிலுள்ள ஒரு சிறு வால்வு. டிரம் பிரேக்கின் குழாயில் எப்போதும் சிறிது அழுத்தம் நிற்கும்படி அது காக்கும். டிஸ்க்குக்குச் செல்லும் குழாயிலும் அவ்வழுத்தம் நின்றால் பேடுகள் தட்டை விடாமல் உராய்ந்து சூடேறும். மூன்றாவது, முன்பின் சமநிலை. பாரம் முன்னே சாய்வதால் பின்சக்கரங்கள் இலேசாகும். அவை முன்சக்கரங்களுக்கு முன்பே இறுகி நின்றுவிட்டால் வண்டி சுழன்றுவிடும். இதைத் தடுக்கப் பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வேண்டும். நான்காவது, சக்கரத்தின் அளவு. உள்ளே காலிப்பர் உராயாமல் இடம் இருக்க வேண்டும். ஸ்டியரிங்கை இரு கோடி வரை திருப்பி, ரப்பர்க் குழாய் இழுபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றினும் முதன்மையாக நான் கருதுவது இரட்டைக் குழாய் அமைப்பு. பழைய கார்கள் பலவற்றில் எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய் வழி. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களும் கைவிடும். இரண்டு தனி வழிகள் இருந்தால் ஒன்று போனாலும் மற்றொன்று காக்கும். டிஸ்க் வைக்காதவர்களும் இதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். பட்டறையில் வேலை செய்யும் இளைஞர்கள் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக் கூடும். டிரம்மைத் திறந்தவுடன் தூசியை ஊதித் தள்ளுவது வழக்கமாயிருக்கிறது. நுரையீரலைக் கெடுக்கும் வழக்கம் அது. ஈரத்துணியால் துடைத்தெடுத்து மூடி வைப்பதே முறை.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று கேட்கலாம். மற்றொரு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் இரு கார்கள் பக்கம்பக்கமாக ஓடுகின்றன. ஒன்றின் பிரேக் நொடிக்கு நொடி 7 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கிறது. சூடேறித் தளர்ந்த மற்றொன்று 4 மீட்டர் வீதமே குறைக்கிறது. முதல் கார் ஏறத்தாழ 29 மீட்டரில் நிற்கும். இரண்டாவது நிற்க 50 மீட்டர் வேண்டும். முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தைக் கடக்கும்போது இரண்டாவது காரின் வேகம் என்ன? மணிக்கு ஏறத்தாழ 47 கிலோமீட்டர்! அங்கே ஒரு குழந்தை சாலையைக் கடந்துகொண்டிருந்தால் இந்த எண்ணின் பொருள் விளங்கும். பழைய கார் பிறந்த காலத்தில் அதன் முன்னே மாட்டு வண்டி சென்றது. இன்று காரைக்குடி வழியாகச் செல்லும் திருச்சி – இராமேசுவரம் நெடுஞ்சாலையில், அதன் முன்னே செல்வது நொடியில் நிற்கவல்ல புதிய கார்.

ஆனால் தொன்மை கெட்டுவிடாதா? கேட்க வேண்டிய கேள்விதான். 2021-ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, முதற்பதிவு செய்து 50 ஆண்டுகளுக்கு மேலான வண்டிகள் பழம்பெரும் வண்டிகளாகத் தனிப் பதிவு பெறலாம். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவை பெரிதும் மாற்றப்படாமல் மூலவடிவில் இருத்தல் வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆதலால் கருவியைக் கையில் எடுக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் கேட்டறிவது அறிவுடைமை. சட்டத்தை வெட்டாமல், பற்றவைப்புச் செய்யாமல், திருகாணிகளால் மட்டுமே பொருத்துவது நலம். கழற்றிய டிரம்களை எண்ணெய் பூசிப் பெயரெழுதிப் பாதுகாத்தால், பின்வருவோர் வேண்டும்போது பழைய நிலைக்கே மீட்கலாம். திருமண ஊர்வலத்திலும் காட்சியிலும் மட்டும் மெல்லச் செல்லும் வண்டிக்கு, செம்மையாகப் பராமரித்த டிரம்மே போதும். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு செல்லும் வண்டிக்கு அளவுகோல் வேறு.

இதற்கு நம் நாட்டிலேயே உயர்ந்த சான்று ஒன்று உண்டு. திருவாரூர் ஆழித்தேரைக் காட்டிலும் தொன்மை போற்றப்படும் வண்டி எது? அதற்கு 1980களின் பிற்பகுதியில், திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்பு அச்சும் சக்கரங்களும் நீர்ம அழுத்த பிரேக்கும் அமைத்தனர். அதனால் அது ஆழித்தேர் அல்லாமற் போயிற்றா? அன்றும் வடம் பிடித்தனர், இன்றும் பிடிக்கின்றனர். முட்டுக்கட்டை போடும் கைகளும் ஓயவில்லை. வடிவும் வழிபாடும் அழகும் பழையனவாக நிற்க, வடம் பிடிப்போரின் உயிருக்குக் காவல் மட்டும் புதிதாக வந்தது. செட்டிநாட்டு மாளிகைகளிலும் எண்ணெய் விளக்கு நின்ற மாடத்தருகே பின்னர் மின்விளக்கு எரிந்தது. மாளிகை மாளிகையாகவே இருந்தது.

பழமையைப் போற்றுவது முன்னோர்க்கு நாம் செலுத்தும் கடன். உயிரைப் போற்றுவது உடன் வாழ்வோர்க்குச் செலுத்தும் கடன். இரண்டில் ஒன்றை விட்டுத்தான் மற்றொன்றைச் செலுத்த வேண்டும் என்பதில்லை. அதற்கு வேண்டியது பொறுமையும் கணக்கும். பொறியியல் பயிலும் மாணவர்கள் ஒரு முறையேனும் நல்ல பட்டறைக்குச் சென்று, திறந்த டிரம் ஒன்றையும் டிஸ்க் ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பாஸ்கலின் விதியும் வெப்பவியலும் உலோக அரிப்பும் பாடநூலின் வெவ்வேறு அதிகாரங்களில் இருக்கலாம். ஒரு சக்கரத்தின் உள்ளே அவை மூன்றும் ஒரே வேலைக்குக் கூடியிருப்பதை அங்கே காணலாம். ஒரு காரை விலைக்கோ வாடகைக்கோ எடுக்கும் நாள் வரும்போது, எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கேளுங்கள்.